அத்தியாயத்தார் வைத்த பரீட்சை

முட்டையை அடுப்பில் வைத்துவிட்டு நின்ற நிலையில் சமையல் புத்தகத்தின் முன்னுரையை வாசித்த மனிதர் இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒருவர்தான். மூன்று தாள், இரண்டு பேனா, ஒரு கைக்கடிகாரம், இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தைப் பிரித்தவரும் பலெர்மோவில் அவர் ஒருவர்தான். இரண்டையும் நல்ல நோக்கத்தோடுதான் செய்தார். இரண்டும் வெடித்தன.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது அவருடைய பெர்மெசோவில், அதாவது இந்த நாட்டில் இருக்கலாம் என்று பொலிஸ் தருகிற அட்டையில் இருக்கிறது. வேறு எங்கும் அது பாவனையில் இல்லை. எதைக் கேட்டாலும் “அது நாலாம் அத்தியாயத்திலை இருக்கு” என்று தொடங்குவார். சளி, தடிமனுக்கு ஏழாம் அத்தியாயம். பஸ் வரப் பிந்தினால் பன்னிரண்டாம் அத்தியாயம், பொறுமை. எங்கள் ஆட்கள் ஒரு ‘ஆர்’ சேர்த்து அவரை அத்தியாயத்தார் ஆக்கினார்கள். கிண்டலையும் மரியாதையையும் ஒரே சொல்லுக்குள் அடைக்கிற வித்தையில் யாழ்ப்பாணத்தாரை யாரும் வெல்ல முடியாது.

அப்போது நாங்கள் பலெர்மோவின் சீசா என்ற பகுதியில், நான்காம் மாடியில் இருந்தோம். லிப்ட் இல்லாத கட்டடம். நானும் இவரும். என் கணவரை இந்தக் கட்டுரை முழுவதும் ‘இவர்’ என்றுதான் எழுதப்போகிறேன். அத்தனை வருஷம் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டது, இப்போது மாற்ற நாக்கு ஒத்துழைக்கவில்லை. கலியாணமாகி எட்டு வருஷம். பிள்ளைகள் இல்லை. மூன்று அறை இருந்தது. ஆள் இரண்டு. ஆகவே மூன்றாவது அறையை வாடகைக்குக் கொடுத்தோம்.

அத்தியாயத்தார் ஒரு சூட்கேஸ் உடுப்போடும் மூன்று பை புத்தகத்தோடும் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். சேர்ட்டின் மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தார். இவர் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

“என்னண்ணை, கல்லே கொண்டு வந்தனீங்கள்?”

“புத்தகம் தம்பி. ஒரு வீட்டுக்கு வேண்டிய எல்லாம் இதுக்குள்ளை இருக்கு.”

“அப்ப சட்டி பானையும் இதுக்குள்ளையோ?” என்று நான் கேட்டேன்.

“இல்லைத் தங்கச்சி. அதுகளை எப்பிடிக் கழுவுறது எண்டது இருக்கு.”

பகிடி விடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அந்த மனிதர் வாழ்நாளில் பகிடி விட்டதில்லை.

எல்லாம் தமிழ்ப் புத்தகங்கள். மெல்லிய தாள், மலிவான அச்சு. சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் யாராவது வரும்போது சொல்லி அனுப்பி வாங்குவாராம். எல்லாத் தலைப்பும் ‘எப்படி’ என்று முடியும். வீட்டை ஒழுங்காக வைத்திருப்பது எப்படி, கோபத்தை அடக்குவது எப்படி, கறை நீக்குவது எப்படி. அட்டையில் தவறாமல் ஒரு குடும்பம் சோபாவில் இருந்து சிரிக்கும். அந்தச் சோபாக் குடும்பங்களைத் தொடக்கத்திலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் கிழமையே முட்டை. எந்த வேலையையும் அதன் நோக்கத்தை உணர்ந்து தொடங்க வேண்டும் என்று ஒரு புத்தகம் சொல்லியிருந்ததாம். அடுப்பில் முட்டையை வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று சமையல் புத்தகத்தின் முன்னுரையை உணர்ந்து வாசித்தார். நீளமான முன்னுரை. தண்ணீர் வற்றி, சட்டி கருகி, முட்டை குண்டுபோல் வெடித்தபோது அவர் நன்றியுரைக்கு வந்திருந்தார்.

அடுத்தது லேபிள். நான் வேலையால் வந்து பார்த்தால் குசினி முழுவதும் வெள்ளைத் துண்டுகள், அழகான எழுத்தில். உப்பு. சீனி. மிளகாய்த்தூள். அதோடு நின்றிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். பிரிட்ஜ் கதவில் ‘என்ன வேண்டும் என்று யோசித்தபின் திறக்கவும்’ என்று இருந்தது. நாள் முழுவதும் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய முதலாளியம்மாவின், வீட்டைத் துடைத்து, அவருக்குச் சமைத்து, இரண்டு பஸ் ஏறி வந்த நான், என் சொந்தப் பிரிட்ஜுக்கு முன்னால் பால் பக்கெற்றும் கையுமாக நின்று யோசித்தேன். யோசித்தது பாலைப் பற்றியல்ல.

பிறகு அரிசி. பூச்சி பிடிக்காமலிருக்க அரிசிக்குள் வேப்பிலை போட வேண்டும், அது கிடைக்காவிட்டால் கசப்பான வேறு இலை போடலாம் என்று புத்தகத்தில் இருந்தது. பலெர்மோவில் வேப்பமரத்துக்கு எங்கே போவது. தெருவோரம் நிற்கிற கசப்புத் தோடை, அதாவது ஆரஞ்சு, மரத்தில் ஒரு பை இலை பிடுங்கிக்கொண்டு வந்து அரிசி வாளிக்குள் புதைத்தார். எங்கள் அரிசியில் அதுவரை பூச்சி இருக்கவில்லை. இலையோடு வந்து சேர்ந்தது.

நேர்மையாகச் சொன்னால் சிலது பலித்தது. வெள்ளிக் கரண்டி கறுத்தால், சட்டியில் அலுமினியத் தாள் விரித்து, சுடுதண்ணீரும் அப்பச்சோடாவும் போட்டு ஊறவிடச் சொன்னார். சிஞ்ஞோராவின் வீட்டில் செய்து பார்த்தேன். அவருடைய அம்மா காலத்துக் கரண்டிகள் பளபளவென்று வந்துவிட்டன. சிஞ்ஞோரா என் கன்னத்தில் தட்டி, நீ கெட்டிக்காரி என்றார். இது எனக்கு ஒருவர் சொல்லித் தந்தது என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்வது எனக்கு முன்பே பழக்கம்.

அத்தியாயத்தாருக்கு அப்போது படிக்கட்டுக் கழுவுகிற வேலை. பழைய கட்டடம் ஒன்றில் ஐந்து மாடிப் படி. நல்ல மாபிள், வழுவழுப்பான சலவைக்கல். தேசிக்காய்ச் சாறும் வினாகிரியும் கலந்து தேய்த்தால் எந்தத் தரையும் கண்ணாடிபோல் மின்னும் என்று ஏதோ ஒரு புத்தகம் உறுதி கொடுத்திருந்தது. எழுதியவர் சீமெந்துத் தரையில் பிறந்து வளர்ந்தவராக இருந்திருக்க வேண்டும். அத்தியாயத்தார் சந்தையில் இரண்டு பெட்டி தேசிக்காய் வாங்கி, எங்கள் குசினியில் இருந்து பிழிந்து, வாளியில் கொண்டுபோய், ஐந்து மாடியையும் மனமாரத் தேய்த்தார். காய்ந்ததும் மாபிளின் மினுக்கம் முழுவதும் போய், படிகள் சோக்கட்டி நிறத்துக்கு வந்துவிட்டன. துளி விழுந்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி.

கட்டடத்தைப் பொறுப்பாகப் பார்க்கிறவர் வந்தார். சத்தம் போடவில்லையாம். முதல் படியில் குந்தி, கையால் தடவிப் பார்த்து, “உலகச் சண்டைக் காலத்தில் குண்டு போட்டுப் பக்கத்துக் கட்டடமே விழுந்தது, இந்தப் படிக்கு ஒரு கீறல் விழவில்லை” என்றாராம். அன்றோடு வேலை போனது.

“புத்தகத்திலை மாபிள் எண்டு போடேல்லைத் தங்கச்சி,” என்றார் என்னிடம்.

“படி மாபிள்தானே அண்ணை. கண்ணாலை பாக்கேல்லையோ?”

“பாத்தனான். ‘எந்தத் தரையும்’ எண்டு இருந்தது.”

இதுதான் அவருடைய நோய். கண்ணால் பார்த்ததைவிட அச்சில் இருந்ததை நம்புவார். சிரித்துச் சிரித்துப் பல வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் படிக்கட்டால்தான் என் வீடு போனது. அதை அந்த வீடுகளில் சொல்வதில்லை.

வேலை போனதால் அவர் பகலில் வீட்டில் இருக்கத் தொடங்கினார். இவருக்கு வுச்சீரியாச் சந்தைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற வேலை. பின்னேரம் போவார், நான் நித்திரையான பிறகு வருவார். காலையில் நான் வெளிக்கிடும்போது இவர் நித்திரை. நாங்கள் இருவரும் விழித்தபடி ஒரே வீட்டில் இருந்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அந்த ஞாயிறுகளிலும் இவர் கதைக்கிற ஆளில்லை. ஓம், இல்லை, பிறகு பாப்பம். இந்த மூன்று சொல்லில் எட்டு வருஷம் ஓட்டியவர்.

அப்படிப்பட்ட மனிதரும் அத்தியாயத்தாரும் தினமும் காலையில் குசினி மேசையில் எதிரெதிரே இருந்தால் என்ன நடக்கும். அவர் வாசிப்பார், இவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்பார். நான் இதை நெடுநாள் அறியவில்லை. அறிகுறிகள்தான் தெரிந்தன. கட்டிலில் ஈரத் துவாய் கிடப்பது நின்றது. சப்பாத்துகள் சோடி சேர்ந்து நின்றன. ஒரு நாள் வேலையால் வந்தபோது மேசையில் ஒரு துண்டு. இவருடைய கையெழுத்து. ‘நேற்றைய கறி நன்றாக இருந்தது.’

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டேன். பிறகு சந்தேகம் வந்தது. அத்தியாயத்தாரின் கதவைத் தட்டினேன்.

“அண்ணை, இது உங்கடை வேலையோ?”

“பாராட்டுப் பயிற்சி தங்கச்சி. ஒன்பதாம் அத்தியாயம். தம்பி தானாத்தான் எழுதினவர். நான் எழுத்துப்பிழை மட்டும் திருத்தினனான்.”

துண்டைக் கசக்கிக் குப்பைவாளியில் போட்டேன். பிறகு எடுத்து நிமிர்த்தி என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவர் வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து நான் கொஞ்சம் படுப்போம் என்று எழும்பியபோது அத்தியாயத்தார் ஒரு புத்தகத்தோடு வந்து நின்றார். அட்டையில் சோபா, சிரிப்பு.

“தங்கச்சி, ஒரு கால் மணித்தியாலம். இதிலை புருசன் பெஞ்சாதிக்கு ஒரு பயிற்சி இருக்கு. தம்பி ஓம் எண்டிட்டார்.”

“என்ன பயிற்சி?”

“ரெண்டு பேரும் தனித்தனித் தாளிலை, மற்றவருக்கு இதுவரை சொல்லாத விசயத்தை எழுதவேணும். பதினைஞ்சு நிமிசம். பிறகு மாத்தி எடுத்து, தனித்தனி இடத்திலை இருந்து வாசிக்கவேணும். ஒரு நாள் அதைப்பற்றிக் கதைக்கக்கூடாது.”

“சொல்லாத விசயம் எண்டா?”

“சின்னச் சின்ன மனக்குறையள்தான். உதாரணம் போட்டிருக்கு. கறிக்கு உப்புக் கூட, வீட்டுக்கு நேரத்துக்கு வாறேல்லை, அப்பிடி.”

எழுதி முடித்தால் படுக்கலாம் என்று ஒப்புக்கொண்டேன். எங்களை மேசையின் இரண்டு அந்தத்திலும் இருத்தினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி நடுவில் வைத்தார். சொக்ஸ் காலோடு, பின்னால் கைகட்டிக்கொண்டு, பரீட்சை மண்டப வாத்தியார்போல் குசினிக்குள் நடந்தார்.

“பாத்தெழுதக் கூடாது,” என்றார். அதுவும் பகிடியல்ல.

நான் கடகடவென்று எழுதினேன். துவாய். சப்பாத்து. போன் அடித்தால் எடுப்பதில்லை. பிறந்தநாளை மறந்தது. என் தங்கச்சி வந்திருந்தபோது அவளோடு ஒரு சொல் கதைக்காதது. பாதி, முன்பே திருந்தியவை. அந்தப் பக்கம் பார்த்தேன். இவர் தலை குனிந்து, மெதுவாக, எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, “அண்ணை, இன்னொரு தாள் தாங்கோ” என்றார்.

மேலதிகத் தாள் கேட்கிற மாணவனைக் கண்ட பெருமை அத்தியாயத்தாரின் முகத்தில். எனக்கும் உள்ளூரச் சந்தோஷம். இந்த மனிதருக்கு என்னிடம் சொல்ல இரண்டு தாள் விஷயம் இருக்கிறதே என்று.

குளியலறையில், குளிக்கும் தொட்டியின் விளிம்பில் இருந்து வாசித்தேன்.

‘அம்மா கிடையாய்க் கிடந்த நேரம் என்ரை பெர்மெசோ புதுப்பிக்கக் குடுத்திருந்தது. ஊருக்குப் போய் வரலாமோ எண்டு நீர்தான் கந்தோருக்குப் போய்க் கேட்டனீர். போகேலாதாம் எண்டு வந்து சொன்னனீர். நான் போகேல்லை. அம்மா செத்து ஒரு வருசத்தாலை வேறை அலுவலா நான் அதே கந்தோருக்குப் போனன். அங்கை இருந்த பெட்டை பைலைத் திறந்து பாத்திட்டு, புதுப்பிக்கக் குடுத்த ரசீதோடை போய் வரலாம் எண்டு உங்கடை மனுசிக்கு அப்பவே சொன்னனே எண்டாள். உமக்குத் தெரிஞ்சிருந்தது. அது எனக்கு நாலு வருசமாத் தெரியும்.’

இரண்டாவது தாளில், இவருடைய அம்மா கடைசி இரண்டு கிழமையும் போனில் என்ன கேட்டார் என்று இருந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். அதற்கும் கீழே, கொடுத்த உதாரணத்தை விடாமல் பின்பற்றுகிற நல்ல மாணவனாக, ஒரு வரி. ‘கறிக்கு உப்பு எப்பவும் அளவாத்தான் இருந்தது.’

இவர் எழுதியது உண்மை. அந்தக் கந்தோரில், பெர்மெசோ புதுப்பிக்கிற அலுவலகத்தில், இருந்த பெண் எனக்கு இரண்டு தரம் சொன்னாள். ரசீதையும் பாஸ்போட்டையும் கொண்டு போகலாம், வழியில் வேறு ஐரோப்பிய நாட்டில் விமானம் மாறாமல் போனால் சரி. நான் நாலு மாடி ஏறி வந்து, “போகேலாதாம்” என்றேன். ஒரே ஒரு சொல். அதற்கு முந்திய கிழமைதான் இவர், அங்கே போனால் திரும்பி வர மனம் வராது என்று சொல்லியிருந்தார். சும்மா சொன்னாரோ என்னவோ. இந்த ஊரில் நான்காம் மாடியில் தனியாக இருக்கிற என்னை நினைத்துப் பார்த்தேன். மூச்சு இழுத்துக்கொண்டிருந்த கிழவியை நினைக்கவில்லை. இதை அச்சில் எழுத உனக்கு வெட்கமில்லையா என்று கேட்பீர்கள். அதைத் தெரிந்துகொள்ளக்கூடாத ஒருவர் எப்போதோ தெரிந்துகொண்டுவிட்டார். இனி யார் படித்தால் என்ன.

நான் வெளியே வந்தபோது இவர் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“துவாய் இப்ப கொடியிலைதானே போடுறன்,” என்றார்.

“தம்பி, இண்டைக்குக் கதைக்கக்கூடாது. நாளைக்குத்தான்,” என்றார் அத்தியாயத்தார் விரலை உயர்த்தி.

இவர் தலையாட்டிவிட்டு மூன்று பேருக்கும் தேத்தண்ணி போட்டார்.

ஒரு நாள் கதைக்கக்கூடாது என்று புத்தகம் சொன்னது. நாங்கள் மூன்று கிழமை கதைக்கவில்லை. பிறகு இவர் வடக்கே பொலோஞ்ஞா நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை என்று சொல்லி உடுப்பு அடுக்கினார். கதவடியில் நின்று கேட்டேன்.

“கோவமோ?”

“இல்லை. கோவம் எப்பவோ போட்டுது.”

“அப்ப ஏன் போறீங்கள்?”

“எழுதினாப்பிறகு இஞ்சை இருக்கேலாமல் இருக்கு.”

“எழுதாட்டி?”

மடித்த சேர்ட்டை உடுப்புகளுக்கு மேல் வைத்தார். “இருந்திருப்பன்,” என்றார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் நேரே மூன்றாவது அறைக்குப் போனேன். தாளில் என்ன இருந்தது என்று அத்தியாயத்தாருக்குத் தெரியாது. அவர் கட்டிலில் சப்பாணி கட்டியிருந்து அதே புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. அடுத்த அத்தியாயத்திலை மன்னிக்கிற பயிற்சி இருக்கு. அவசரப்பட்டு நிப்பாட்டிப்போட்டம்.”

புத்தகத்தைப் பறித்து யன்னலால் எறிந்தேன். சோபாக் குடும்பம் சிரித்தபடியே நாலு மாடி இறங்கி, கீழ்வீட்டுக்காரியின் பூச்சாடிக்குள் போய் விழுந்தது. குசினிக்கு வந்து லேபிள்களைக் கிழித்தேன். அவர் பின்னால் வந்து நின்றார்.

“உங்களுக்கு ஒரு கலியாணம் இருந்ததோ அண்ணை?” என்று கேட்டேன். “ஒரு வீடு இருந்ததோ? வீடெண்ட ஒண்டே இல்லாத ஆளுக்கு ஏன் இந்தப் புத்தகம்?”

“இல்லைத் தங்கச்சி,” என்றார். “இல்லாதபடியாத்தான் வாசிச்சனான்.”

அவர் கீழே கிடந்த ‘உப்பு’ என்ற துண்டை எடுத்து, மடித்தபடி கதைத்தார்.

“பத்து வயசிலை விடுதி. பிறகு முகாம். பிறகு கப்பல். பிறகு உங்களைப்போல ஆக்களின்ரை மிச்ச அறையள். ஒரு வீட்டுக்குள்ளை காலமை எழும்பினா என்ன கதைக்கிறது, ஆரும் கோவமா இருந்தா எங்கை போய் நிக்கிறது, ஒண்டும் எனக்குத் தெரியாது. அதை ஒராளிட்டைக் கேக்கேலுமே? புத்தகத்திலை இருந்துது.”

இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் சொன்னது இதுதான்: “நாளைக்கு விடிய வெளிக்கிடுங்கோ.”

வெளிக்கிட்டார். மூன்று பையையும் ஒவ்வொன்றாக, மூன்று தரம் இறங்கி ஏறிக் கொண்டுபோனார். நான் உதவவில்லை. போகிற அன்றும் குசினியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் போனார். அந்த ஒழுங்கைப் பார்த்து எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

பலெர்மோவிலேயே ஒரேத்தோப் பக்கம் ஒரு வீட்டில், ஓய்வுபெற்ற பஸ் சாரதியான ஒரு சிசிலியக் கிழவரைப் பராமரிக்கிற வேலையில் தங்கியிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் முட்டைக் கதை சொன்னேன், படிக்கட்டுக் கதை சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். “குடும்பத்தைப் பிரிச்ச ஆள்” என்று நான் முடிக்கும்போது அனுதாபப்பட்டார்கள். இரண்டு வருஷம் அந்த அனுதாபத்தைச் சாப்பிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் இவரிடமிருந்து போன். போன வருஷத்துக்கு முந்திய மாரி அது.

“அத்தியாயத்தார் வந்திட்டுப் போறார்,” என்றார்.

“எங்கை?”

“இஞ்சை, பொலோஞ்ஞாவுக்கு. ஒரு பகலும் ஒரு ராவும் பஸ்ஸிலை இருந்து வந்திருக்கிறார். தொழிற்சாலை வாசல்லை நிண்டார். பிழை முழுக்கத் தன்ரை எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னார். சாப்பாடு குடுத்து அனுப்பினன்.”

“தாளிலை இருந்ததைச் சொன்னனீங்களோ அவருக்கு?”

“அதை ஏன் நான் அவருக்குச் சொல்லுவான்?”

அதற்குப் பிறகு இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் எடுக்கிறார். மழையைப் பற்றிக் கதைக்கிறோம், மரக்கறி விலையைப் பற்றிக் கதைக்கிறோம். திரும்பி வரமாட்டார். இருவருக்கும் அது தெரியும்.

போன வருஷம் அந்தச் சாரதிக் கிழவர் இறந்துபோனார். பிள்ளைகள் வீட்டை விற்கப்போகிறார்கள், அத்தியாயத்தாருக்கு ஒரு கிழமை தவணை கொடுத்திருக்கிறார்கள் என்று தமிழ்க் கடையில் கதைத்தார்கள். நான் அன்று மத்தியானமே பஸ் எடுத்து ஒரேத்தோவுக்குப் போனேன். கதவைத் திறந்தவருக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. சேர்ட்டின் மேல் பொத்தான் பழையபடி பூட்டியிருந்தது. கூடத்தில் சூட்கேஸ் நின்றது. புத்தகப் பைகளைக் காணவில்லை.

நான் நின்றபடியே சொன்னேன். கந்தோர், ரசீது, போகேலாதாம் என்ற சொல், எல்லாம். “பிழை உங்கடை இல்லை அண்ணை. நான் ஒரு பொய் சொன்னனான். அதுதான் அந்தத் தாளிலை இருந்தது.”

அவர் ஒரு கதிரையை இழுத்து என் பக்கம் வைத்தார்.

“அது உங்கடை ரெண்டு பேரின்ரை விசயம் தங்கச்சி,” என்றார். “என்ரை பிழை வேறை. பதினைஞ்சு நிமிசம் எண்டுதான் போட்டிருந்தது. தம்பி எழுதிக்கொண்டிருந்தபடியா நான் இருபது நிமிசம் விட்டனான். அந்த ஐஞ்சு நிமிசம் விட்டிருக்காட்டி ரெண்டாவது தாள் வந்திருக்காது.”

இரண்டு வருஷமாக அந்த ஐந்து நிமிஷத்தைச் சுமந்துகொண்டுதான் அவர் பொலோஞ்ஞா வரை போயிருக்கிறார். வாழ்நாளில் ஒரே ஒரு தரம், புத்தகத்தில் இருந்ததை விட்டுவிட்டு, எதிரே இருந்த மனிதனைப் பார்த்து நடந்திருக்கிறார். அதற்குக் கிடைத்த பலன் அது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கி, அது வேறொன்றாக மாறி, அவர் தண்ணீர் எடுத்து வந்து தர வேண்டியதாகிவிட்டது.

“அறை சும்மாதான் கிடக்கு. வாங்கோ,” என்றேன்.

“வேண்டாம் தங்கச்சி. நான் வந்தா உங்கடை வீட்டிலை பிறகும் ஏதும்...”

“இனி அங்கை உடையிறதுக்கு ஒண்டும் இல்லை. சூட்கேசை எடுங்கோ.”

வந்தார். இப்போது ஒரு பாடசாலையில் நிலம் துடைக்கிறார். சோப்புத் தண்ணீர் மட்டும். வாசிப்பதை விட்டுவிட்டார். புத்தகங்களை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. யாரோடும் அதிகம் கதைப்பதில்லை. ஆலோசனை கேட்டால், தெரியாது என்கிறார். பழைய ஆளை எனக்குச் சில நாட்களில் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. அவரை அப்படி ஆக்கியவள் நான்தான் என்பதால் அதை வெளியில் சொல்வதில்லை.

போன மாதம் எனக்குக் கடும் காய்ச்சல். எழும்ப முடியவில்லை. அத்தியாயத்தார் வேலைக்குப் போகாமல், குசினியிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கி வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். ஒரு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டி, தொடலாமோ கூடாதோ என்று தெரியாமல் கையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டார். என்ன சொல்வதென்றும் அவருக்குத் தெரியவில்லை. அப்படியே இரண்டு நாள் இருந்தார். கண் திறக்கும்போதெல்லாம் அந்தக் கதிரையில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டேன். இருந்தார்.